கீறல் விழுந்த தகடு

குறுந்தகடு ஒன்று பாடிக்கொண்டிருக்கையில் இடையிலே திக்கித் திணறுமாயின், உடனே அதனைப் பற்பசையால் தேய்த்துப் பார்ப்பார் பலர். பழுதைக் கண்டதும் குப்பையில் எறிவாரினும் இவர் நல்லவரே. ஆயினும், எங்கே பழுது என்று அறியாமல் தேய்ப்பது, நோய் இன்னதென்று பாராமல் மருந்து புகட்டுவதை ஒக்கும் என்பது என் கருத்து.

என்னிடம் முன்பு பயின்ற இளைஞன் ஒருவன் சென்ற ஆண்டு ஒரு தகட்டைக் கொணர்ந்தான். அவனுடைய பாட்டியார் பாடிய தாலாட்டுகளும் நடவுப் பாடல்களும் 2005-ஆம் ஆண்டில் அதில் பதியப்பெற்றவை. பாட்டியார் இன்று இல்லை. தகட்டுக்கு மறுபடியும் இல்லை. “ஓட மறுக்கிறது, ஐயா. பற்பசை போட்டு நன்றாகச் சுழற்றித் தேய்த்தும் பார்த்துவிட்டேன்” என்றான். சுழற்றித் தேய்த்தேன் என்றதும் எனக்கு வருத்தமாயிற்று. காரணம் கேளுங்கள், மாணவர்களே.

தகட்டின் குறுக்களவு 120 மில்லிமீட்டர், தடிப்பு 1.2 மில்லிமீட்டர். 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த நாள்தொட்டு இவ்வளவு மாறவில்லை. மின்னுகின்ற அடிப்பக்கத்திலேதான் ஒலி பதிந்துள்ளது என்று பலரும் எண்ணுவர். அஃது உண்மையன்று. அடிப்பக்கத்தில் இருப்பது பாலிகார்பனேட் என்னும் ஒளிபுகும் நெகிழியே. பதிவோ, பெயர் பொறித்த மேற்பக்கத்தை ஒட்டி, மெல்லிய உலோகப் படலத்தின் அருகே உள்ளது. அப்படலத்துக்குக் காவல், மயிரிழையினும் மெல்லிய பூச்சு ஒன்றே. ஆகவே, அடிப்பக்கக் கீறல் பலகணிக் கண்ணாடியில் விழுந்த கீறல். மேற்பக்கக் கீறலோ அறைக்குள் இருக்கும் பொருளையே அழித்த கீறல். முன்னதைத் தீர்க்கலாம், பின்னதைத் தீர்க்க வழியில்லை. தகட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைபோல் ஒளி தெரியுமிடத்தில் படலம் போயிற்று என்று கொள்ளலாம்.

அடிப்பக்கத்துச் சிறு கீறல்கள் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. என் மூக்குக்கண்ணாடியில் எப்போதும் தூசு படிந்திருக்கும்; அதற்காக நான் படிக்கும் எழுத்து மறைந்துவிடுவதில்லை. என் பார்வை எழுத்தின்மேல் குவிவதே காரணம். லேசர் ஒளியும் அவ்வாறே அடிப்பக்கத்தைக் கடந்து உள்ளே சென்று பதிவின்மேல் குவிகிறது. அன்றியும், சிறிதளவு பதிவு படிக்கக் கூடாமற்போனால் அதனைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும் முறையும் தகட்டிலேயே அமைந்துள்ளது. ஆனால், விடுபட்டது நீண்டு தொடருமாயின் அம்முறை தோற்றுப்போகும். பதிவுத் தடமோ உள்ளிருந்து வெளியே நத்தைக்கூட்டின் சுழிபோல் செல்வது. குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணமே இடறும். தடத்தோடு வளைந்து செல்லும் கீறலோ நெடுந்தூரம் மறைத்துவிடும். சுழற்றித் தேய்ப்பது இத்தகைய வளைகீறல்களைத் தானே உண்டாக்குவதாகும். துடைப்பதாயினும் தேய்ப்பதாயினும் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகவே கை செல்லவேண்டும்.

தகடு திக்குவதற்குக் கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்குமே காரணமாதலும் உண்டு. முதலில் நல்ல நீரில் சிறிது சோப்புக் கரைத்துக் கழுவி, மென்மையான பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் கூடவே கூடாது. அது நெகிழியை மங்கச் செய்யும். வாழைப்பழத்தோல் முதலிய வைத்தியங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. பற்பசை பயனற்றது என்று சொல்லமாட்டேன். அதிலுள்ள நுண்துகள் கீறலின் கூர்விளிம்பைத் தேய்த்து, ஒளி சிதறாமல் செல்ல உதவும். ஆனால், நெகிழியைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பெறும் நன்மை அது. படிக்கக்கூடிய பகுதியைப் படியெடுத்த பின்னரே அதில் இறங்கவேண்டும்.

படியெடுப்பதே உண்மையான பழுதுநீக்கம் என்பேன். பழைய ஓலைச்சுவடிகளில் எழுத்து மங்கியபோது நம் முன்னோர் மஞ்சளும் மையும் கோவையிலைச் சாறும் பூசித் தெளிவித்தனர். எனினும், அவர்கள் நம்பியது பூச்சையன்று; ஏடு நைந்து போகுமுன் வேறோர் ஏட்டில் பெயர்த்தெழுதியதாலேயே நூல்கள் நம்மை வந்தடைந்தன. இக்காலப் புதிய கணினிகள் பலவற்றில் தகடு செருகும் இடமே இல்லை. தகடு நன்றாயிருந்தும் படிக்கும் கருவி கிடைக்காத நிலை நெருங்குகிறது.

இளைஞனின் தகட்டைக் கழுவினோம். கீறல்களுள் காய்ந்திருந்த பற்பசை கரைந்தது. பக்கத்து வீட்டுப் பழைய கணினியில் மெதுவாக ஓடவிட்டபோது பதினொரு பாடல்கள் படியாகின. தகடு நிறையப் பாடியிருந்தார் அம்மூதாட்டியார். விளிம்பருகே இருந்த கடைசி இரண்டு மட்டும் கிட்டவில்லை. மேற்பக்கத்தில் ஒட்டிய பெயர்ச்சீட்டை யாரோ ஒருநாள் உரித்திருக்கிறார்கள். படலமும் அதனோடு உரிந்துவிட்டது. அவ்விரண்டனுள் ஒன்றின் முதல் அடிகள் தன் தாயாருக்கு நினைவில் உள்ளன என்றான். அன்றைக்கே அவர் பாடக் கேட்டு எழுதி வைக்கச் சொல்லி அனுப்பினேன்.