வரிசையில் நின்ற அம்மா

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, கால் வலிக்கிறது என்று வீட்டில் அலுத்துக்கொண்டேன். ஏதோ படித்துக்கொண்டிருந்த என் பெண் நிமிர்ந்து, "இந்த அம்மா பதினேழு மாசம் நின்னாங்கம்மா" என்றாள். ருஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் வாழ்க்கை வரலாறு. வாங்கிப் புரட்டினேன். அன்றைக்குச் சாம்பார் அடிப்பிடித்தது தனிக்கதை!

1938-ல் லெனின்கிராட் நகரில் அவருடைய ஒரே மகன் லெவ் கைதானான். ஸ்டாலின் காலம். சிறை வாசலில், கடுங்குளிரில், மகனுக்கான பொட்டலத்தோடு மற்றப் பெண்களுடன் இவரும் நிற்பார். இதையெல்லாம் எழுத முடியுமா என்று முகம் தெரியாத ஒருத்தி காதோடு கேட்டாளாம். முடியும் என்றார். அப்படி உருவானதுதான் 'ரெக்வியம்'.

எழுதியதை வீட்டில் வைத்திருந்தால் ஆபத்து. சுவருக்கும் காது உண்டே! தோழி லிதியா சுகோவ்ஸ்கயா வந்தால், டீ சாப்பிடறியா என்று உரக்கக் கேட்டுக்கொண்டே துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுவார். தோழி மனப்பாடம் செய்ததும் சீட்டைக் கொளுத்திவிடுவார். சில தோழிகளின் நெஞ்சுக்குள்ளேயே அந்தக் கவிதை வருஷக்கணக்கில் பத்திரமாக இருந்தது. 1963-ல் மியூனிக்கில் அச்சாயிற்று. 1966-ல் அவர் கண்மூடினார். சொந்த நாட்டில் அது வெளிவந்தது 1987-ல்தான்.

என்னை உலுக்கியது வேறொன்று. 1949-ல் மகன் மறுபடி கைதானபோது, அவனைக் காப்பாற்ற ஸ்டாலினைப் புகழ்ந்தே கவிதை எழுதினார், 1950-ல். பலனில்லை. மகன் விடுதலையானது 1956-ல், ஸ்டாலின் இறந்து மூன்று வருஷம் கழித்து.

"அது தப்பில்லையாம்மா?" என்றாள் பெண்.

எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அடுத்த வீட்டுக் குழந்தைமேல் வீண்பழி விழுந்தது. நடந்தது எனக்குத் தெரியும். நம்ம பெண்ணும் அங்கேதானே படிக்கிறாள் என்று சும்மா இருந்துவிட்டேன். அக்மதோவாவுக்கு மகனின் உயிர் பணயம். எனக்கு? டீச்சரம்மாவின் முகச்சுளிப்பு, அவ்வளவுதான். அவரைத் தராசில் நிறுத்த நான் யார்?

பெண்ணிடம் அதைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அடுத்த வீட்டு அத்தைகிட்ட சொன்னியாம்மா?" என்றாள்.

இன்னும் இல்லை. இதை எழுதி முடித்ததும் போகப் போகிறேன். நீங்களும் இப்படி எங்கேயாவது போக வேண்டியிருக்கிறதா, சகோதரிகளே?