போத்தலும் மூடையும்

முழுப் பொய்யை விளம்பரஞ் செய்பவன் விரைவில் அகப்பட்டுக்கொள்வான். ஒரு மெய்யைத் துணைக்கு வைத்துக்கொண்டு பேசுபவனிடமே நாம் ஏமாறுகிறோம். பசளை வாங்கும் அளவெட்டிக் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடிய உதாரணமொன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை எமது அரசாங்கம் தடை செய்தது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் யூரியாவை நம்பியிருந்தோர் திகைத்தனர். பூவரசங்குழை தாழ்த்தித் தோட்டஞ்செய்த பாட்டனார் காலத்துக்கு ஒரே நாளில் திரும்புதல் எளிதோ? அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் இந்தியாவிலிருந்து 'நனோ' நைதரசன் என்னும் திரவப் பசளை வந்தது. 100 தொன்னை இந்திய விமானப்படையே சுமந்து வந்தது. அதனை ஆக்கிய இஃப்கோ என்னும் கூட்டுறவு நிறுவனம், அரை லீற்றர்ப் போத்தலொன்று 45 கிலோ யூரியா மூடையொன்றுக்கு ஈடாகும் என்று பறைசாற்றியிருந்தது. தலையில் மூடை சுமந்தவனுக்கு இதைவிட இனிய செய்தி வேறுண்டோ!

மாணவர்கள் பென்சிலை எடுக்கலாம். யூரியாவில் நைதரசன் 46 வீதம். ஆகவே 45 கிலோ மூடையில் இருப்பது 20.7 கிலோ. அப்போதைய நனோ யூரியாவில் நைதரசன் 4 வீதம். அதாவது 100 மில்லிலீற்றரில் 4 கிராம். அரை லீற்றர்ப் போத்தலில் 20 கிராம். மூடைக்கு ஈடாகப் போத்தல்கள் 1,035 வேண்டும்! இவ்விரண்டு வீதங்களும் மறைத்து வைக்கப்பட்டவை அல்ல, நிறுவனமே வெளியிட்டவை. பெருக்கிப் பார்ப்பாரைத்தான் காணோம்.

நிறுவனத்தார் இதற்கு விடை வைத்திருந்தனர். மண்ணிலிடும் யூரியாவிற் பெரும்பகுதி வீணாகிறதாம். இலையில் தெளிக்கும் நுண்துகளோ நேரே பயிருக்குட் புகுமாம். முற்பகுதி மெய். வீணான நைதரசன் சுண்ணக்கல் நிலத்தினூடே வடிந்து நைத்திரேற்றாகக் கிணற்றில் ஊறும் வினையை வலிகாமத்தார் நன்கறிவர். ஆதலால் இவ்விளம்பரம் எம்மவர் நெஞ்சையும் எளிதில் தொடும். ஆனால் மூடையில் முக்காற்பங்கு வீணாயிற்று என்றே கொள்வோம். எஞ்சுவது ஐந்து கிலோவுக்கு மேல். போத்தலில் ஒரு துளியும் வீணாகவில்லை என்றாலும் 20 கிராந்தான். இல்லாத நைதரசனைத் துகள் எவ்வளவு நுண்மையாயினும் எங்கிருந்து கொணரும்?

கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2023 இல் இதே ஐயத்தை எழுப்பி, கூறப்பட்ட பயன்களுக்குப் போதிய சான்றில்லை என எழுதினர். பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தாரின் வயற் பரிசோதனையில் நெல்லும் கோதுமையும் விளைச்சலிற் குறைந்தன.

எமது நாட்டிலே 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குவோரைத் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடுக்கிறது. நல்ல சட்டமே, ஆயினும் முறைப்பாடு எழுதுமுன் பயிர் ஒரு போகம் முடிந்துவிடும். இலை மஞ்சளிக்கும்போது மழையைக் குறை சொல்வதே எம்மவர் வழக்கம்.

2023 இல் அதே நிறுவனம் 'நனோ டீஏபி' என்ற இன்னொரு போத்தலை வெளியிட்டது. அதுவும் அரை லீற்றர். 50 கிலோ மூடைக்கு ஈடு என்றனர். மூடையில் நைதரசன் 18 வீதம், போத்தலில் 8 வீதம். இக்கணக்கை மாணவ நண்பர்களுக்கே விட்டுவிடுகிறோம்.