மட்டை அவர்கள் கையில்... கடன் நம் வீட்டில்!

அன்று இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது ஒரு தம்பி வழிமறித்தான். கடைவீதியில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்ப்பவன். ஐவேளையும் ஜமாஅத்துடன் தொழுபவன். தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"ஹஜ்ரத், கிரிக்கெட்டில் பணம் கட்டுவதை விட்டுவிட்டேன். அது சூதாட்டம் என்று புரிகிறது. ஆனால் டென்னிஸ் வேறுதானே? களத்தில் இரண்டே பேர். யார் பலசாலி என்று தரவரிசையே சொல்லிவிடுகிறது. ஆட்டம் தெரிந்தவன் கட்டினால் அது அறிவுதானே, சூது எப்படி ஆகும்?"

கேள்வியில் கள்ளமில்லை. அதனால்தான் இந்தத் தலையங்கம். இவன் ஒருவன் கேட்டுவிட்டான். கேட்காமலேயே கட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேரோ!

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். டென்னிஸ் ஆடுவது ஹராம் அல்ல. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். உடலை உரமாக்கும் விளையாட்டை மார்க்கம் தடுக்கவில்லை. பிரச்சினை ஆட்டத்தில் இல்லை; ஆட்டத்தின் மீது வைக்கப்படும் பணத்தில் இருக்கிறது.

திறமை என்கிறாயே தம்பி, அது யாருடைய திறமை? மட்டை பிடித்தவன் வியர்வை சிந்துகிறான், பரிசு வாங்குகிறான். நீ பாயில் படுத்துக்கொண்டு செல்போனைத் தட்டுகிறாய். அவன் கணுக்கால் பிசகினால் உன் சம்பளம் போகிறது. இதில் உன் உழைப்பு எங்கே இருக்கிறது?

வியாபாரிகள் சிலர் வேறு விதமாகக் கேட்கிறார்கள். "வியாபாரத்திலும்தான் லாப நஷ்டம் உண்டு, இதுவும் அதுபோலத்தானே?" வட்டியும் வியாபாரம் போன்றதுதானே என்று அன்று சொன்னவர்களின் அதே வாதம்! வியாபாரத்தில் ஒருவர் சரக்கைப் பெறுகிறார். மற்றவர் விலையைப் பெறுகிறார். இருவரும் திருப்தியோடு பிரிகிறார்கள். சூதில் சரக்கே இல்லை. ஒருவன் பை நிறைய வேண்டுமானால் இன்னொருவன் பை காலியாக வேண்டும்.

அறியாமைக் கால அரபிகளும் மைஸிர் ஆடினார்கள். ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, அம்புகளைச் சீட்டுபோல் இழுத்தார்கள். வென்ற இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமையும் பேசினார்கள். ஏழை வயிறு நிறைந்த அந்தச் சூதையே, அதில் பயன் இருந்தாலும் பாவமே பெரிது என்று அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் கண்டித்தது. பிறகு அல்மாயிதாவின் 90ஆம் வசனம் முற்றாகத் தடுத்தது. ஏழைக்கு ஒரு கவளம்கூடத் தராத இன்றைய செயலிச் சூதுக்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

கணக்குப் போடத் தெரிந்த சமுதாயம் நாம். இதையும் போட்டுப் பார்ப்போம். சம பலமுள்ள இருவர் மோதுகிறார்கள். இருவர் மீதும் பந்தய விலை 1.90 என்று வைக்கிறான் பந்தயக்காரன். ஒருவர் இந்தப் பக்கம் 100 ரூபாய், இன்னொருவர் அந்தப் பக்கம் 100 ரூபாய் கட்டுகிறார்கள். வந்தது 200. ஜெயித்தவருக்குக் கொடுப்பது 190. பத்து ரூபாய் அவன் கல்லாவில். யார் ஜெயித்தாலும் அந்தப் பத்து அவனுக்குத்தான்! இப்படி 1000 ரூபாயைப் பத்து முறை சுழலவிட்டால் சராசரியாக மிஞ்சுவது சுமார் 600 ரூபாய். சரக்கே இல்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு ஐந்து கழிகிற கடையை எந்த வியாபாரியாவது நடத்துவாரா?

"ஆட்டம் எனக்குத் தெரியும்" என்கிறவர்கள் 2007ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்க்கட்டும். போலந்தின் சோபாட் நகரில் அன்றைய உலகத் தரவரிசையில் நான்காம் இடத்திலிருந்த ரஷ்ய வீரர் டேவிடென்கோ, 87ஆம் இடத்திலிருந்த அர்ஜென்டினா வீரரோடு ஆடினார். முதல் செட்டை டேவிடென்கோவே வென்றார். ஆனாலும் பணம் எதிராளி மீதே குவிந்தது! மூன்றாவது செட்டில் கால் வலி என்று அவர் விலகினார். சுமார் 70 லட்சம் டாலர் புரண்ட அந்தப் பந்தயத்தை பெட்ஃபேர் நிறுவனமே ரத்து செய்தது. விசாரணை ஓராண்டு நடந்து, 2008இல் இரு வீரர்களும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் மீது பழி சுமத்த நமக்கு உரிமையில்லை. நாம் கேட்பது இதுதான்: தரவரிசையைப் பார்த்து நான்காம் இடத்துக்காரர் மீது கட்டியவனின் 'அறிவு' அன்று அவனுக்கு எந்த அளவு உதவியது?

விலைபோனவர்களும் உண்டு. ஆஸ்திரிய வீரர் டேனியல் கோலரருக்கு 2011இல் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. டென்னிஸ் அமைப்புகளே நியமித்த சுயேச்சைக் குழு 2018இல் தந்த அறிக்கை என்ன சொல்கிறது? தொழில்முறை வீரர்கள் என்று பெயர் பெற்றவர்கள் சுமார் 15,000 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பரிசுப் பணமே கிடைப்பதில்லை. பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலே கைக்காசு நஷ்டமின்றி ஆட முடிகிறவர்கள் 250 முதல் 350 பேர்தான். பசித்த ஆட்டக்காரன் ஒரு பக்கம், பந்தயப் பணம் மறுபக்கம். இடையில் தரகன் நுழைய வேறென்ன வேண்டும்? 180க்கும் மேற்பட்ட வீரர்களோடு தொடர்புடைய ஒரு மோசடி வலையின் தலைவனுக்கு 2023இல் பெல்ஜியம் நீதிமன்றம் ஐந்தாண்டு சிறை விதித்தது. அந்த வலை பெரிதும் நம்பியிருந்தது சின்னச் சின்னப் போட்டிகளைத்தான். நள்ளிரவில் உன் செல்போனில் ஓடுகிற, பெயர் தெரியாத ஊரில் நடக்கும் அதே போட்டிகள் தம்பி!

மதுவையும் சூதையும் கொண்டு பகையையும் வெறுப்பையும் மூட்டவே ஷைத்தான் விரும்புகிறான் என்று அல்மாயிதாவின் 91ஆம் வசனம் எச்சரிக்கிறது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 458 டென்னிஸ் வீரர், வீராங்கனைகளுக்கு சுமார் 8,000 வசைச் செய்திகள் அனுப்பப்பட்டன. அவற்றில் நூற்றுக்கு 40 பந்தயத்தில் தோற்றவர்கள் எழுதியவை என்று டென்னிஸ் அமைப்புகளே 2025இல் அறிவித்தன. முன்பின் அறியாத ஒரு பெண்ணைத் தன் காசு போனதற்காக ஏசுகிறான்! பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் வந்த எச்சரிக்கை இன்றும் கண்முன்னே நிற்கிறது.

வணிகச் சகோதரர்களே! இது பையன்கள் விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். கிரிக்கெட், டென்னிஸ், சீட்டு என எல்லாவற்றிலும் பணம் கட்ட வைத்த மகாதேவ் செயலி துபாயிலிருந்து இயக்கப்பட்டதாகவும், அதன் பணம் பினாமி வங்கிக் கணக்குகள் வழியாகப் புரண்டதாகவும் அமலாக்கத் துறை கூறியது. அந்தக் கணக்குகள் எங்கிருந்து வருகின்றன? "உங்கள் கரண்ட் அக்கவுண்ட்டை ஒரு மாதம் கொடுங்கள் பாய், கமிஷன் தருகிறோம்" என்று வருகிறவனிடமிருந்துதான் ஆரம்பம். அந்தக் கமிஷனும் ஹராம். சட்டமும் விடாது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டும் ஆட்டத்தை நடத்துவோருக்கும் அதன் பணப் பரிமாற்றத்துக்குத் துணை போவோருக்கும் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது.

மஹல்லா நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. மிம்பரில் ஏறி ஹராம் என்று முழங்கிவிட்டு இறங்கினால் கடமை முடிந்துவிடாது. சிக்கிக்கொண்டவனைக் கேலி பேசாதீர்கள், ஊரறிய அவமானப்படுத்தாதீர்கள். அவன் வாய் திறந்து சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடம் பள்ளிவாசலாக இருக்கட்டும். செயலியை நீக்க வையுங்கள். கடன் செயலிகளின் வாயில் விழுந்துவிடாமல், கடனை மாதத் தவணையாக அடைக்க வழி செய்யுங்கள். மனம் உடைந்து நிற்பவனுக்கு 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணைச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி கடைசியில்தான் முழு விஷயத்தையும் சொன்னான். மூன்று மாதச் சம்பளத்தை முதலாளியிடம் முன்பணமாக வாங்கியிருக்கிறான். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. வீட்டுச் செலவுக்கு மூன்று மாதமும் உம்மா என்ன செய்வார் என்றோம். தலை குனிந்து நின்றான்.

முதலாளிமார்களே, முன்பணம் கேட்கும் பையனிடம் எதற்கு என்று அன்போடு ஒரு வார்த்தை கேளுங்கள். இளைஞர்களே, இன்றிரவே அந்தச் செயலியை அழியுங்கள். போனது போகட்டும், போனதைப் பிடிக்கிறேன் என்று இன்னும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது.

ஹலாலான உழைப்பில் வரும் கொஞ்சத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.