நான் யார்?

2006 முதல் 2009 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் அப்பிள் நிறுவனத்தின் கணினி விளம்பரத் தொடரொன்று உலவிற்று. "நான் மெக்" என்றான் துடிப்பான இளைஞன். "நான் பிசி" என்றார் கோட்டணிந்த அலுவலர். 2008இல் மைக்ரோசொப்ட், சாதாரண மக்களையே "நான் பிசி" எனச் சொல்லவைத்துப் பதிலிறுத்தது. பார்த்தோர் இரு கட்சியாயினர். இளைஞனின் செருக்கைச் சிலர் வெறுத்தனர்; அலுவலரின் அப்பாவித்தனத்தைச் சிலர் நேசித்தனர்.

நாம் கேட்கிறோம்: இவ்விரண்டும் எங்கே பிறந்தன என்று எவரேனும் வினவினரா? 2006இல் மெக் இன்ரெல் சில்லுக்கு மாறியது. பெரும்பாலான பிசிகளுக்குள்ளும் அதுவே. அப்பிளுக்கும், பிசி விற்கும் டெல், எச்பி நிறுவனங்களுக்கும் பொருள் செய்து கொடுத்தது ஒரே பொக்ஸ்கொன். 2010இல் அதன் சீன ஆலைகளில் இளந்தொழிலாளர் பலர் தம்முயிரை மாய்த்தனர். அவர்கள் மெக்கா, பிசியா?

மெக்காக நடித்த ஜஸ்டின் லோங், 2021இல் இன்ரெலின் விளம்பரத்தில் தோன்றி மெக்கையே குறைகூறினார். அது கூலிக்கு நடித்த நடிப்பு. கூலியுமின்றித் தம்மைப் பண்டத்தின் பெயரால் அழைத்துப் போரிட்டோரே நம் கவலைக்குரியர். "நான் யார்?" என்ற வினாவின் விடையை வணிகனிடம் வாங்கும் சமுதாயம், உழைப்பவனை எங்ஙனம் இனங்காணும்? மாணவரே, விளம்பரம் முடிந்ததும் கேளுங்கள்: இதைச் செய்த கைகள் எவருடையவை?