கோரிக்கை மனு: ஆம்பூர் வட்டாரச் சிறு காலணிப் பட்டறைகளுக்கு வரவேண்டிய நிலுவைக் கூலி

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருப்பத்தூர் மாவட்டம்.

நகல்: பொது மேலாளர், மாவட்டத் தொழில் மையம்.

அனுப்புநர்: ஆம்பூர் வட்டாரச் சிறு காலணிப் பட்டறை உரிமையாளர்கள் சார்பில், சங்க நிர்வாகிகள்.



ஆம்பூரிலிருந்து கப்பலேறும் ஷூக்களின் மேல்பகுதியை வெட்டி, ஓரம் சீவி, தைத்துக் கொடுப்பதில் எங்கள் பட்டறைகளுக்கும் பங்கு உண்டு. ஜோடிக்கு இவ்வளவு என்று பேசி ஜாப் ஒர்க் செய்கிறோம். தையல் மெஷின்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். அவர்களுக்குச் சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாது; தள்ளிப்போடவும் கூடாது. எங்களுக்கு வரவேண்டிய கூலியோ மூன்று, நான்கு மாதம் கழித்தே வருகிறது. நடுவில் வட்டிக்கு வாங்கிச் சமாளிக்கிறோம். ஜோடிக்கு நிற்கும் சொற்ப லாபம் அந்த வட்டிக்கே போய்விடுகிறது.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் பாக்கியைத் தர அதிகபட்சம் 45 நாள் கெடு விதிக்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும். ஆனாலும் எங்களில் யாரும் புகார் கொடுப்பதில்லை. கொடுத்தால் அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். புகார் வந்தால்தான் விசாரணை என்ற முறை இருக்கும்வரை இந்தச் சட்டம் எங்களுக்குப் பயன்படாது.

கெடு தாண்டிய பாக்கியைக் கம்பெனிகள் அரையாண்டுக்கு ஒருமுறை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்திடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2019 முதல் இருக்கிறது. அந்த விவரங்களைத் தொழில் மையம் தானாகவே பெற்று, எங்கள் பெயர் வெளிவராமல் சரிபார்க்க வேண்டும். கூட்டாண்மை நிறுவனங்கள் இவ்விதிக்குள் வருவதில்லை. அவற்றிடம் தனியே கணக்குக் கேட்க வேண்டும். நிலுவை வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றம் ஆம்பூரிலும் அமர்வு நடத்த வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லாத பட்டறைகள் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுவது கடினம் என்பதால், பதிவு முகாமும் அவசரம்.

சொந்தமாகச் செருப்பு செய்து விற்போருக்கு வேறொரு சுமை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு; இதை வரவேற்கிறோம். ஆனால் ஒட்டும் பசைக்கு 18 விழுக்காடு கட்டுகிறோம். தேங்கும் உள்ளீட்டு வரியைத் தாமதமின்றித் திருப்பித் தர வணிகவரித் துறைக்கு அறிவுறுத்த வேண்டுகிறோம்.

தனித்தனியே வாங்க இயலாத கணினி வெட்டு இயந்திரங்களுடன் ஒரு பொது வசதி மையம் வேண்டும் என்பதையும் பதிவு செய்கிறோம். ஆனால் முதலில் தீர வேண்டியது கூலி பாக்கிதான். தொழில் மையம், வாங்கும் நிறுவனங்கள், எங்கள் சங்கம் ஆகிய முத்தரப்பையும் அழைத்து, இம்மாதத்துக்குள் தங்கள் தலைமையில் கூட்டம் நடத்தித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், ஆம்பூர்