மனப்பாடம் போன எண்கள்

பெங்களூர் ரயில் நிலையத்தில் கைப்பேசியைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் பயணியிடம், "வீட்டு நம்பரைச் சொல்லுங்கள், பேசித் தருகிறோம்" என்றால், பலர் விழிக்கிறார்கள். மனைவியின் எண்கூட நினைவில் இல்லை. டிக்கெட், பணம், உறவினர் எண்கள் அனைத்தும் அந்த ஒரு கருவியோடு போய்விடுகின்றன.

இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியது 1995ல். அதற்கு முன் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று ஊருக்குப் பேசியவர்கள், நாலைந்து எண்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவர்கள் மேதைகள் அல்லர். திரும்பத் திரும்பச் சுழற்றியதால் எண்கள் மனதில் பதிந்தன.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்சி ஸ்பாரோவும் சகாக்களும் 2011ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறகு எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பும் செய்தியை மக்கள் குறைவாகவே நினைவில் வைக்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்பதையே நன்றாக நினைவில் வைக்கிறார்கள் என்று அது கூறியது.

இதில் லாபமும் உண்டு. அற்ப விஷயங்களைக் கருவி சுமந்தால் மூளைக்கு வேறு வேலை பார்க்கலாம். ஆனால் ஆபத்துக்கு உதவும் விஷயம் அற்பமானதல்ல.

பிழைப்புக்காக வந்து வேற்று மொழி பேசும் ஊரில் வாழும் தமிழர் குடும்பங்களுக்கு இது மிகவும் முக்கியம். பிள்ளைகளுக்கு இரண்டு எண்களையும் வீட்டு விலாசத்தையும் மனப்பாடம் செய்விக்க வேண்டும். பெரியவர்கள் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்த நமக்குப் பத்து இலக்கம் ஒரு பாரமா?