பழைய சிப்பின் மௌனம்
2003ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் வெளியிட்ட பென்டியம் எம் சிப்பைத் தாங்கிய பழைய மடிக்கணினிகளில் உபுண்டு இயங்குதளத்தின் 12.10 பதிப்பை நிறுவப் புகுந்தவர்கள், பூட் ஆகத் தொடங்கிய மாத்திரத்திலேயே, ‘பிஏஇ’ என்னும் வசதி இந்தப் பிராசசரில் இல்லை என்ற அறிவிப்பைக் கண்டு, யந்திரம் இனிக் காயலான் கடைக்குத்தான் என்று விரக்தியுற்றது சகஜமே. உண்மையில், 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைக் கையாளுவதற்கென ஏற்பட்ட அந்த வசதி சிப்பினுள் சௌக்கியமாகவே இருந்தது. தம் குணங்களைக் கேட்போருக்கு ஒப்பிக்கையில், பல பென்டியம் எம் சிப்புகள் அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டன. (அத்தகைய கணினிகளில் 2 ஜிபி இருந்தாலே பாக்கியம், ஆயினும் பிஏஇ இல்லாத சிப்பைத் தீண்டுவதில்லை என்பது உபுண்டுவின் மையமான கெர்னலின் ஆசாரம்!) சோதித்தறியாமல், சொன்னதை மட்டும் நம்பி வாசலிலேயே திருப்பியனுப்பும் இந்த முறையை நான் அநியாயமென்றே கருதுகிறேன். 2014இல் வந்த 14.04 பதிப்போ, பூட் வரியில் ‘ஃபோர்ஸ்பிஏஇ’ என்ற ஒரே பதத்தைச் சேர்த்தால் போதும், விளைவு மட்டும் உங்கள் பொறுப்பு என்று திரையிலேயே பரிகாரத்தையும் எழுதிக் காட்டியது. பிழையறிவிப்பு எழுதும் புரோகிராமர்கள் அனைவரும் அவசியம் பார்க்க வேண்டிய வரி அது.